ஏகாம்பரம் பிடுங்கிய ஃபியூஸ் கட்டைகள்

ஏகாம்பரம் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு மஞ்சள் நோட்டீஸாக வந்தது. அரக்கோணத்திலிருந்து காலை வண்டியில் வந்து திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாவுக்காக நின்றுகொண்டிருந்தேன். துணைமின் நிலையத்துக்காரர் ஒருவர் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து, "நீங்களும் வந்துடுங்க சிஸ்டர்" என்று ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். மேலே கொட்டை எழுத்தில் தலைமை வகிப்பவர் பெயர் இருந்தது. நான் முன்பு வேலை பார்த்த நர்சிங் ஹோமின் டாக்டர், பட்டங்கள் எல்லாவற்றோடும். அதற்குக் கீழே பேசப்போகிறவர்கள் எட்டுப் பேர். செத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள நான் காகிதத்தின் அடிவரைக்கும் போக வேண்டியிருந்தது. 'மருத்துவத்துக்குத் தம் மின் அறிவால் தொண்டாற்றிய ஏகாம்பரம்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்திலிருந்த பழக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கூட்டத்துக்குப் போனேன். அங்கே நடந்ததைப் பிறகு எழுதுகிறேன். கூட்டம் முடிந்ததும் உங்கள் மின் ஊழியர் சங்கத்துச் செயலாளர் என்னிடம் வந்து, நினைவு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும், "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார். நான் எழுதப்போவது நல்லதாக இருக்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

நீங்கள் அவரோடு துணைமின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்தவர்கள். ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் அவர் எப்படி நிற்பார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் அவரோடு பேசிப் பழகியதெல்லாம் திருத்தணியில் ஒரு நர்சிங் ஹோமில், ஒரு மாதத்துக்குள், மொத்தம் பத்துத் தடவை இருந்தால் அதிகம். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே நர்சாக இருந்தேன். டாக்டர் நரம்புக் கோளாறுக்கும் மனக்கோளாறுக்கும் வைத்தியம் பார்ப்பவர். 'கரண்ட் வைக்கிற டாக்டர்' என்றால்தான் சுற்றுவட்டாரத்தில் தெரியும். நோயாளியின் நெற்றிப்பொட்டுகளில் உப்புநீரில் நனைத்த இரண்டு வட்டுகளை வைத்து, அரை வினாடி நேரம் மின்சாரம் செலுத்துவார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்து அடங்கும். சில பேருக்கு அதன்பிறகு மனசு தெளியும். இந்த வைத்தியமே பொய் என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஊரில் மின்சாரம் சோகையாக வந்துகொண்டிருந்தது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக்குப் போட்ட பம்பு செட்டுகள் ஒரு பக்கம், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து விசைத்தறிகள் ஒரு பக்கமாக இழுத்ததில் எங்கள் விளக்குகள் சிவந்து அழுதன. டாக்டர் ஆளனுப்பிப் புகார் சொன்னார். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஏகாம்பரம் சைக்கிளில் வந்தார். ஆயில் வாசனை அடிக்கும் காக்கிச் சட்டை, காதில் சொருகிய பென்சில், எதற்கெடுத்தாலும் ஒரு சிடுசிடுப்பு. நான் "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ரொம்ப மங்குதுங்க" என்றேன். "ரெண்டு மணிக்கு மேல மங்குது" என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு, "மெயினை நிறுத்தப்போறேன், அஞ்சு நிமிசம். திருப்பிச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் இன்னா சொன்னேனோ அதை நீங்க சொல்லணும் சிஸ்டரம்மா. அப்பதான் கை வைப்பேன்" என்றார். போனில் வருகிற உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பிறகுதான் நீங்கள் ஸ்விட்சைத் தொடுவீர்களாமே, அந்தப் பழக்கம் மனிதருக்கு ஊறிப்போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சர்வரைக்கூட விடமாட்டாராம். "ரெண்டு இட்லி, ஒரு வடை, சட்னி வேணாம். சொல்லுப்பா" என்பாராம். சர்வர்கள் அவர் தலையைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார்கள் என்று கேள்வி.

அன்று கரண்ட் வைக்கிற நாள். அறைக் கதவு திறந்திருந்தது. அட்டெண்டர் பலராமன் கரண்ட் வைக்கிற பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதை வராண்டாவிலிருந்து ஏகாம்பரம் பார்த்துவிட்டார். நோயாளியை வெளியே கொண்டுபோனதும் உள்ளே வந்து கேட்டார்.

"இன்னாத்துக்குப்பா அதைத் தட்ற?"

"தட்டினாதான் சார் விடும். சில சமயம் புடிச்சிக்கும்."

"எது புடிச்சிக்கும்?"

"கரண்ட்டு சார்" என்றான் பலராமன், சாதாரணமாக. வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தான். அது ஒரு வேலை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். டாக்டர் பட்டனை அழுத்துவார், நான் தாடையைப் பிடிப்பேன், பலராமன் பெட்டியைத் தட்டுவான். தட்ட வேண்டி வந்த நாட்களில் நோயாளிக்கு இழுப்பு பலமாக இருக்கும். உறவுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 'இன்னிக்கு நல்லா புடிச்சுது' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், இந்த வாயால்.

டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம் ஏகாம்பரம் பெட்டியை மேஜைமேல் வைத்து, கழிவறையிலிருந்து ஒரு பல்பைக் கழற்றி வரச் சொன்னார். நோயாளியின் தலையில் வைக்கிற இரண்டு வட்டுகளையும் பல்பில் இணைத்தார். பெட்டியின் நேர முள்ளை அரை வினாடியில் வைத்துப் பட்டனை அழுத்தினார். பல்பு கண் சிமிட்டுகிற நேரம் எரிந்து அணைந்தது. என்னை எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தடவையும் சிமிட்டல்தான். ஏழாவது தடவை அழுத்தியபோது பல்பு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. அவர் இரண்டு கைகளையும் பெட்டியை விட்டு எடுத்து எனக்குக் காட்டினார். பல்பு அணையவில்லை. பலராமன் வந்து ஒரு தட்டு வைத்தான், அணைந்தது. "பாத்தீங்களா சார், நம்ம கை ராசி" என்று பல்லைக் காட்டினான். ஏகாம்பரம் அவனைப் பார்த்த பார்வையில், தெருவில் எதையோ மிதித்துவிட்ட அருவருப்பு இருந்தது. பிறகு அதே பார்வை என் பக்கமும் திரும்பியது.

எனக்குப் புரியும்படி சொன்னார். பெட்டிக்குள் ரிலே என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதாம். நேரம் முடிந்ததும் மின்சாரத்தை வெட்டிவிடுவது அதன் வேலை. ஊரில் மின்சாரம் குறைந்து வரும்போது அது உறுதியாகச் சேராமல் நடுங்குமாம். நடுங்கி நடுங்கித் தீப்பொறி பறந்து, அதன் இரண்டு முனைகளும் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. "புடிக்கறதை எது வேணா புடிக்கும் சிஸ்டரம்மா. ஒரு ஆணியைப் போட்டாக்கூடப் புடிக்கும். விடச் சொன்னப்ப விடணும். அதுக்குத்தான் சுவிட்சு" என்றார். உங்கள் நிலையத்தில் ஆள் உயரத்துக்கு ஆயில் தொட்டிக்குள் நிற்கிற பிரேக்கருக்கும் இந்தத் தீப்பெட்டி அளவு ரிலேவுக்கும் அது ஒன்றுதான் வேலை என்றார். டாக்டர் வந்ததும் அவரிடமும் சொன்னார். டாக்டர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"புது ரிலே எங்க கிடைக்கும்?"

"மெட்ராஸ்ல சொல்லி வைக்கணுங்க. நாலஞ்சு நாளாவும். அதுவரைக்கும் இதைத் தொடக்கூடாதுங்க."

"ஆடிக் கிருத்திகை வாரம்பா இது. கிராமம் பூரா மலைக்கு வருது. வர்றவங்க கையோட பேஷண்ட்டையும் கூட்டிட்டு வராங்க. போயிட்டு அடுத்த வாரம் வான்னா வருவாங்களா? நீ கம்பத்தைப் பார், நான் மூளையைப் பார்க்கிறேன்."

இது திங்கட்கிழமை. துளசியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் முனிரத்தினத்தின் மனைவி. இருபது வயசு இருக்கும். பிள்ளை பெற்ற ஐந்தாவது வாரத்திலிருந்து பேச்சில்லை, சோறில்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. புருஷனும் அவளுடைய அப்பாவும் பிள்ளையோடு அவளைக் கூட்டிவந்து சேர்த்திருந்தார்கள். டாக்டர் ஆறு தடவை கரண்ட் வைக்க வேண்டும் என்றார். முதல் இரண்டு தடவையும் பெட்டி ஒழுங்காக இருந்தது. இரண்டாவது முடிந்த அன்று சாயங்காலம் துளசி அரை டம்ளர் கஞ்சி குடித்தாள், அப்பாவைப் பார்த்து "நைனா" என்று கூப்பிட்டாள். அந்த மனிதர் வராண்டாவுக்கு ஓடிப்போய் மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சந்தோஷப்பட்டேன். அவள் பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது, புதன்கிழமை. முனிரத்தினம் காலையிலேயே டாக்டரிடம் வந்து, "கொஞ்சம் ஸ்ட்ராங்கா வைங்க சார். தறி நின்னு போய்க் கீது. சீக்கிரம் இட்டுகினு போணும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்களிடம் கற்றுக்கொண்ட பேச்சுதான் அது. அந்தக் காலத்தில் அங்கே மயக்க ஊசி போடுகிற வழக்கமும் இல்லை. துளசி மேஜைமேல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். வாயில் ரப்பர் கட்டையை வைத்து, கையுறை போட்ட கைகளால் தாடையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பட்டனை அழுத்தினார், விரலை எடுத்தார். அது விடவில்லை. பலராமன் தட்டினான், விடவில்லை. மறுபடி தட்டினான். மூன்றாவது தட்டில்தான் நின்றது. அதன்பிறகு வந்த இழுப்பு அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. அடங்கியபோது மூச்சு இல்லை. உதடு நீலமானது. நெஞ்சை அமுக்கி, காற்று ஊதி, ஒருவழியாக ஒரு விக்கலோடு மூச்சு வந்தது. ரப்பர் கட்டையை மீறி நாக்கு கிழிந்திருந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், "நல்லா பிடிச்சிருக்கு" என்று முனிரத்தினத்திடம் சொன்னார். முனிரத்தினம் கும்பிட்டார். நான் துளசியின் வாயிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் துளசிக்கு நினைவு திரும்பியது. பக்கத்தில் தூளியில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. துளசி கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிழிந்த நாக்கோடு என்னிடம் சொன்னாள்: "பாவம்க்கா, பசிக்குது போல. அவங்கம்மா எங்க போய்ட்டா?"

மறுநாள் விடிந்ததும் நான் நேரே உங்கள் துணைமின் நிலையத்துக்குத்தான் போனேன். அப்போது காலை ஷிஃப்டில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், கம்பி வேலிக்கு வெளியே ஒரு நர்ஸ் நின்று ஏகாம்பரத்தைக் கூப்பிட்டாள். முழுவதையும் சொன்னேன். அவர் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "டாக்டர் விரலை எடுத்துட்டாரு, கரண்ட்டு நிக்கல. நீங்க பாத்தீங்க." "ஆங், பாத்தேன்" என்றேன். "அடுத்தது எப்ப?" "நாளைக்குக் காலைல, பத்து மணிக்கு." அவர் உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் துளசியை மேஜைமேல் படுக்கவைத்துவிட்டோம். வட்டுகளை நனைத்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி நின்றது. வாசலில் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ஏகாம்பரம் மீட்டர் பெட்டியைத் திறந்து, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். காலியான இடத்துக்கு முன்னால் ஒரு சிவப்புத் தகரத்தைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், ஸ்விட்சைப் போடாதே' என்று எழுதி, கீழே சாக்கட்டியால் தன் பெயரையும் எழுதியிருந்தார். உங்கள் இலாகாவில் இதற்கு லைன் கிளியர் வாங்குவது என்று பெயர். கம்பத்தில் ஏறுகிறவர் தன் பெயரில் லைனை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு ஏறுவார். அவரே இறங்கிவந்து, தானும் தன் ஆட்களும் இறங்கியாயிற்று என்று அதைத் திருப்பித் தருகிறவரைக்கும் எந்த அதிகாரி சொன்னாலும் மின்சாரம் விடக் கூடாது.

டாக்டர் வந்து கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது.

"யார் உத்தரவில பிடுங்கினே? இப்பவே போடு!"

"முடியாதுங்க. லைன்ல ஆள் கீது."

"எந்த லைன்ல? எங்கடா ஆளு?"

ஏகாம்பரம் உள்ளே கையைக் காட்டினார். கரண்ட் அறையின் திறந்த கதவு வழியாகத் துளசியின் பாதங்கள் தெரிந்தன. "அந்தப் பொண்ணு எறங்கலீங்க இன்னும். எறங்கட்டும், ரிலேவை மாத்துங்க, நான் பல்பைப் போட்டுப் பாக்கறேன், அப்புறம் கிளியர் திருப்பித் தரேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். முனிரத்தினம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வைத்தியத்தைக் கெடுக்கிறான் பாவி என்று கூட்டத்தில் இருந்தவர்கள் திட்டினார்கள். அவரைப் பார்த்து யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, என்னையும் சேர்த்து.

டாக்டர் செக்‌ஷன் ஆபீசுக்கு ஆளனுப்பினார். வயர்மேன் வந்தார், தகரத்தைப் பார்த்தார், போய்விட்டார். இன்னொருவர் வந்தார், அவரும் போய்விட்டார். "அவர் பேர்ல கிளியர் கீது, அவர் தராம நாங்க கை வைக்க மாட்டோம்" என்றார்களாம். உங்களில் சில பேர்தான் அது. அந்தப் பெருமை உங்களுக்கு உரியது. மூன்று நாள் அந்த நர்சிங் ஹோம் இருட்டில் கிடந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சனிக்கிழமை அவசரமாக வந்த ஒரு பிரசவத்தை ஜன்னலில்லாத அறையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தோம். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள், ஆனால் பயந்துகொண்டேதான் பார்த்தோம். ஏகாம்பரத்திடம் அதைச் சொன்னபோது, "அது தப்புதான். எனக்கு வேற வழி தெரியல" என்றார். டாக்டர் வேறு வழியில்லாமல் ஆளனுப்பி, திங்கட்கிழமை மெட்ராசிலிருந்து ரிலே வந்தது. அவரே வந்து மாற்றினார். பல்பைப் போட்டு ஐம்பது தடவை அழுத்தினார், ஐம்பதும் சிமிட்டல். ஃபியூஸ் கட்டைகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சொருகி, தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். துளசிக்கு மீதி மூன்று தடவையும் அந்தப் பெட்டியில்தான் வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

அப்புறம் விசாரணை. உத்தரவில்லாமல் ஒரு வாடிக்கையாளரின் மின்சாரத்தைத் துண்டித்தார், ஆஸ்பத்திரி நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று அவர்மேல் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்து டாக்டரின் அறையிலேயே உட்கார்ந்து விசாரித்தார். டாக்டர் பக்கத்து நாற்காலியில். ஏகாம்பரம் கதவருகே நின்றுகொண்டிருந்தார். பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். தான் பெட்டியைத் தட்டியதே இல்லை என்று பலராமன் சொன்னான். பழைய ரிலேவை ஏகாம்பரம் ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்திருந்தார். அது எந்தப் பெட்டியுடையது என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று அதிகாரி அதைத் தள்ளிவைத்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

நான் அப்போது சர்க்கார் ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். டாக்டரிடமிருந்து அனுபவச் சான்றிதழ் வர வேண்டியிருந்தது. டைப் அடித்து, அவர் மேஜைமேல், கையெழுத்துக்காகக் கிடந்தது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது. "அன்றைக்குப் பெட்டி சரியாக வேலை செய்ததா?" என்று அதிகாரி கேட்டார். "சரியாத்தான் இருந்தது சார். எனக்கு மிஷின் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றேன். "நீங்கள் இவரைப் போய்ப் பார்த்து ஏதாவது சொன்னீர்களா?" "இல்லை சார்." எழுதி நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் டாக்டர் என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

ஏகாம்பரத்தைக் கீழ்நிலை வேலைக்கு இறக்கி, எங்கோ தெற்கே ஒரு ஊருக்குத் தூக்கி அடித்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் திரும்பி வந்தார் என்பது உங்களுக்கே தெரியும். போவதற்கு முன்னால் ஒருநாள் சன்னதித் தெருவில் எதிரே வந்தார். நான் நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினார். பிறகு மிதித்துக்கொண்டு போனார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. திரும்பி வந்த பிறகும் சந்தையில், ஸ்டேஷனில் எத்தனையோ தடவை எதிரில் வந்திருக்கிறார். ஒருமுறைகூட என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நான் அவர் வீட்டுக்குப் போகவுமில்லை. நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து, மஞ்சள் நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

இனி கூட்டத்தைப் பற்றி. டாக்டர் ரோஜா மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டு, தானும் ஏகாம்பரமும் அண்ணன் தம்பி மாதிரி என்று ஆரம்பித்தார். தன்னுடைய வைத்தியம் இந்த வட்டாரத்தில் ஆயிரம் குடும்பங்களில் விளக்கேற்றியது என்றும், அதில் ஏகாம்பரத்துக்கும் சிறு பங்கு உண்டு என்றும் சொன்னார். "ஒரு தடவை என்மேல கோவிச்சுக்கிட்டு மூணு நாள் ஃபியூஸையே பிடுங்கிட்டுப் போயிட்டாரு! அவ்வளவு உரிமை!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. உங்களில் பலர் சிரித்தீர்கள். அன்று தகரத்தைப் பார்த்துவிட்டுக் கை வைக்காமல் திரும்பிப் போன அதே ஆட்களில் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. டாக்டரைப் பார்த்து மட்டுமில்லை. நானும் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரணையன்று சான்றிதழ் வேண்டியிருந்தது. இந்தக் கூட்டத்தில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்படியும் உட்கார்ந்துதான் இருந்தேன். பாயசம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். தெருவில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

போன மாதம் துளசியை ரயிலில் பார்த்தேன். மகளோடு சோளிங்கர் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அப்படியே அவளை உரித்து வைத்திருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் நல்லாத்தான் கீதுக்கா. இவ பொறந்தது மட்டும் எனக்கு ஞாபகமே இல்ல. நைனா சொல்லிச் சொல்லித்தான் தெரிஞ்சிகினேன்" என்றாள். டாக்டர் தன்னைப் பிழைக்கவைத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறாள். பாதிக்குமேல் அது உண்மையும்கூட. ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தது அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தோன்றியது. சொன்னால் அடுத்து என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். மகளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு அரக்கோணத்தில் இறங்கிவிட்டேன்.

செயலாளர் அவர்களே, இறந்தவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது என்ன என்று கடைசியில் எழுத வேண்டும் என்றீர்கள். எல்லோரும் அவருடைய நேர்மை, கடமை, எளிமை என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அவர் தந்தது சன்னதித் தெருவில் துப்பிய அந்த எச்சில். அதை நான் துடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமும் வைத்திருக்கிறேன். அதற்குத் தகுதியானவளாகத்தான் இருந்திருக்கிறேன். உங்கள் இலாகாவின் ஏதோ ஒரு பீரோவில் அவருடைய கோப்பு இருக்கும். அதில் என் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருக்கும். செத்தவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு இதை வைக்க முடிந்தால் வையுங்கள். துளசியின் தாடையை நான் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். டாக்டர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். மின்சாரம் நிற்கவில்லை. நான்தான் போய் ஏகாம்பரத்திடம் சொன்னேன். என் பேச்சை நம்பித்தான் அவர் வந்தார். இதைச் சொல்லத்தான் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.